பழைய தண்டனையோடு மனநலத் துறைக்குள் நுழைவது: எங்கே என்ன கேட்பார்கள், எங்கே சிக்கும்?

கேள்வி இதுதான்: 22 வயதில் ஓர் அடிதடி வழக்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதச் சிறை. அதன்பின் எட்டு ஆண்டுகளாக எந்த வழக்கும் இல்லை. இப்போது முதுகலை கவுன்சலிங் படித்து, உரிமம் வாங்கி, மனநல ஆலோசகராக வேலை பார்க்க வேண்டும். படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், இது நடக்குமா?

பெரும்பாலும் நடக்கும். ஆனால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. படிப்பை முடித்துவிட்டு, உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இந்த விஷயம் வரும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பழைய வழக்கை நான்கு வெவ்வேறு ஆட்கள், நான்கு வெவ்வேறு சமயங்களில் கேட்பார்கள்: கல்லூரி, களப்பயிற்சி தரும் நிறுவனம், உரிமம் தரும் வாரியம், வேலை தருபவர். ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக அடுத்தவர் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும்: முதலில் எந்த வேலை, அதற்கு எந்த உரிமம், அந்த வாரியம் உங்கள் வழக்கைப் பற்றி என்ன சொல்கிறது, அதன்பிறகுதான் எந்தக் கல்லூரி.

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் குற்றப் பதிவை நீங்களே வாங்கிப் பாருங்கள். "எனக்குத் தெரியாதா என் வழக்கு" என்று தோன்றும். பத்து வருடத்துக்கு முந்தைய வழக்கில் எந்தப் பிரிவில் குற்றம் சாட்டினார்கள், கடைசியில் எந்தப் பிரிவில் தண்டித்தார்கள் என்பதைச் சரியாக நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் கைரேகை கொடுத்து எஃப்.பி.ஐ.யிடமிருந்து உங்கள் பதிவின் சுருக்கத்தைப் பெறலாம். பிரிட்டனில் காவல் துறைப் பதிவைத் தரும்படி நீங்களே கேட்க உரிமை உண்டு. இந்தியாவில் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றைவிட, நீதிமன்றத்திலிருந்து வாங்கும் தீர்ப்பின் சான்றிட்ட நகல்தான் பயன்படும். இந்தப் பதிவுகளில் அடிக்கடி காணும் கோளாறு, கைது செய்தது பதிவாகியிருக்கும், வழக்கு எப்படி முடிந்தது என்பது பதிவாகியிருக்காது. அப்படியே விட்டால் தள்ளுபடியான குற்றச்சாட்டும் இன்னும் நிலுவையில் இருப்பதுபோலத் தெரியும். இதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

தீர்ப்பு நகலோடு இன்னும் மூன்று காகிதங்கள் சேர வேண்டும். தண்டனை முடிந்த தேதிக்கான சான்று, அபராதம் அல்லது இழப்பீடு கட்டிய ரசீது, நன்னடத்தைக் கண்காணிப்பு இருந்திருந்தால் அது நல்லபடியாக முடிந்ததற்கான கடிதம். வாரியங்கள் பல விண்ணப்பங்களைக் கிடப்பில் போடுவது குற்றத்தின் கடுமையால் அல்ல, இந்தக் காகிதங்களில் ஒன்று இல்லாததால்தான்.

பதிவை நீக்கவோ மூடவோ சட்டத்தில் வழி இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். கனடாவில் பதிவு நிறுத்திவைப்பு என்ற முறை உண்டு, பழைய தண்டனையை மற்றப் பதிவுகளிலிருந்து பிரித்துத் தனியே வைப்பது அது. தண்டனை முழுவதும் முடிந்தபின், சிறு குற்றமென்றால் 5 ஆண்டும் கடும் குற்றமென்றால் 10 ஆண்டும் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் வயது வந்தவரின் தண்டனைக்கு அப்படியொரு பொதுவான அழிப்பு முறை இல்லை. ஆனால் இரண்டு சட்டங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 24, சிறுவயதில் செய்த குற்றத்தால் பின்னாளில் தகுதியிழப்பு வராது என்கிறது. 16 வயதுக்கு மேல், கொடுங்குற்றத்தில், பெரியவராக விசாரிக்கப்பட்டவர் இதற்கு விதிவிலக்கு. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 12, அந்தச் சட்டத்தின்படி சிறையின்றி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனாலும் தண்டனை தீர்ப்பு அப்படியே இருக்கும். அந்த நடத்தையைக் கணக்கில் எடுத்து வேலை தருபவர் முடிவெடுப்பதை அது தடுக்காது. பிரிவு 12 தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி, படிவத்தில் "இல்லை" என்று எழுதி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கல்லூரிக் கட்டத்தை அதிகம் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல இளங்கலைக் கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் குற்றப் பின்னணிக் கேள்வியை 2019இல் எடுத்துவிட்டது. ஆனால் கவுன்சலிங், சமூகப் பணி போன்ற முதுகலைத் துறைகள் பல, தங்கள் தனிப் படிவத்தில் இன்னும் கேட்கின்றன. கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சேர்க்கைக் கட்டுரையில் வழக்கை விரித்து எழுத வேண்டாம். அந்தக் கட்டுரை படிப்பைப் பற்றியது.

இரண்டாவது கட்டத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். களப்பயிற்சி இல்லாமல் பட்டம் கிடையாது. அமெரிக்காவில், கவுன்சலிங் படிப்புகளை மதிப்பிடும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுகலையில் 100 மணி நேர ஆரம்பப் பயிற்சியும் 600 மணி நேர உள்ளிருப்புப் பயிற்சியும் (இன்டர்ன்ஷிப்) கட்டாயம். சமூகப் பணி முதுகலையில் 900 மணி நேரம். இந்தியாவில் மருத்துவ உளவியலுக்கு வழக்கமான படிப்பாக இருந்துவந்த எம்.ஃபில். என்பதே இரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியைச் சுற்றி அமைந்தது. இந்தப் பயிற்சியைத் தருவது கல்லூரி அல்ல, வெளி நிறுவனம். அந்த நிறுவனத்துக்குத் தன் சொந்தப் பின்னணிச் சோதனை உண்டு. கல்லூரி சேர்த்துக்கொள்ளும், ஓராண்டுக் கட்டணமும் வாங்கும், பிறகு எந்த மருத்துவமனையும் உங்களை எடுக்காவிட்டால் "பயிற்சி இடம் தேடுவது மாணவர் பொறுப்பு" என்ற விதியைக் காட்டும். மாணவர் கையேட்டில் அந்த வரி எங்கோ ஒரு மூலையில் இருக்கும். சேரும் முன் தேடிப் படியுங்கள்.

எனவே சேர்க்கைப் பிரிவிடம் கேட்பதைவிடக் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் நேராகப் பேசுங்கள். கேட்க வேண்டியது "எனக்கு இடம் கிடைக்குமா" என்றல்ல. அதற்கு "முயற்சி செய்வோம்" என்றுதான் பதில் வரும். "குற்றப் பின்னணி உள்ள மாணவர்கள் இதுவரை எந்த வகை இடங்களில் பயிற்சியை முடித்திருக்கிறார்கள்? கிடைக்காவிட்டால் கட்டணமும் பாடக் கணக்கும் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இரண்டு மூன்று இடங்களையாவது உடனே சொல்ல முடிந்தால் அந்தத் துறைக்கு அனுபவம் இருக்கிறது. தயங்கினால் நீங்கள்தான் அவர்களின் முதல் ஆள், அந்தச் சோதனையை உங்கள் செலவில் செய்கிறார்கள்.

எந்த இடம் எளிது, எது கடினம்? பள்ளிகள், குழந்தைகள் இல்லங்கள், குழந்தைகள் வார்டு ஆகியவை கடினம். அங்கே விதிகளே சிலவகைக் குற்றங்களை முற்றாக விலக்குகின்றன, மேலாளருக்கு விட்டுக்கொடுக்கும் அதிகாரம் இருக்காது. போதை மீட்பு மையங்கள், சிறையிலிருந்து வெளிவந்தோருக்கான சேவைகள், வீடற்றோருக்கான சேவைகள், பெரியவர்களுக்கான வெளிநோயாளர் பிரிவுகள் ஆகியவை எளிது. போதை மீட்புத் துறையில் வாழ்ந்து மீண்ட அனுபவத்துக்கே மதிப்புண்டு. சிறைக்குள் வேலை செய்யலாம் என்று பலருக்குத் தோன்றும். பொருத்தமான எண்ணம்தான், ஆனால் உள்ளே நுழையப் பாதுகாப்பு அனுமதி தனியாக வேண்டும், கண்காணிப்புக் காலம் முடியாதவருக்கு அது கிடைப்பது அரிது.

உரிமத்துக்கு வருவோம். நாடு மட்டுமல்ல, பட்டத்தின் பெயர் மாறினாலும் விதி மாறும்.

அமெரிக்காவில் உரிமம் மாநிலத்தின் கையில். டெக்சாஸில் தொழில்சட்டத்தின் 53ஆம் அத்தியாயப்படி, படிப்பைத் தொடங்கும் முன்பே கட்டணம் கட்டி உங்கள் குற்றப் பதிவை வாரியத்திடம் கொடுத்து, இதைவைத்து உரிமம் மறுப்பீர்களா என்று எழுத்தில் பதில் வாங்கலாம். வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற முன்கூட்டிய மதிப்பீடு வந்துவிட்டது. உங்கள் நிலையில் செலவழிக்கக்கூடிய முதல் பணம் இதுதான் என்பேன். கலிஃபோர்னியாவில் 2020 ஜூலை முதல், பொதுவாக 7 ஆண்டுக்கு முந்தைய தண்டனையை வைத்து வாரியம் மறுக்க முடியாது. சட்டம் கடும் குற்றம் என்று பட்டியலிட்டவையும், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சேர்க்கும் குற்றங்களும் இதில் விலக்கு. ஆகவே எட்டு ஆண்டு ஆகிவிட்டது என்று நிம்மதியடையும் முன், உங்கள் அடிதடி எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நியூயார்க்கில் 'கரெக்‌ஷன் லா' எனப்படும் சிறைத்துறைச் சட்டத்தின் 23-ஏ பிரிவுத் தொகுதி எட்டு அம்சங்களை எடைபோடச் சொல்கிறது: வேலையின் கடமைகளோடு குற்றத்துக்குள்ள தொடர்பு, கடந்த காலம், குற்றத்தின்போது வயது, அதன் கடுமை, திருந்தியதற்கான சான்று போன்றவை. சட்டத்தில் இப்படி எழுதாத இடங்களிலும் வாரிய உறுப்பினர்கள் மனத்தில் ஓடும் பட்டியல் கிட்டத்தட்ட இதேதான்.

இன்னொன்று, பட்டத்துக்குப் பின் முழு உரிமத்துக்கு முன் மேற்பார்வையில் வேலை செய்யும் காலம் உண்டு. கலிஃபோர்னியாவில் அது 3,000 மணி நேரம். அந்தக் காலத்துக்குத் தனிப் பதிவு தேவை, அதற்கும் கைரேகை உண்டு. ஆக வாரியம் உங்களைப் பார்ப்பது கடைசியில் ஒருமுறை அல்ல. மாநிலம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

பிரிட்டனில் நிலைமை விசித்திரமானது. "கவுன்சலர்", "சைக்கோதெரபிஸ்ட்" என்ற பெயர்கள் அங்கே சட்டப் பாதுகாப்பு பெற்றவை அல்ல. மருத்துவ உளவியலாளர் போன்ற பெயர்களுக்கு மட்டும் ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு கட்டாயம். எனவே கவுன்சலராகச் சட்டம் உங்களைத் தடுக்காது. ஆனால் வேலை தரும் இடம் டி.பி.எஸ். என்ற அரசு அமைப்பின் விரிவான குற்றப் பின்னணிச் சோதனையைக் கேட்கும். 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்ததால் சாதாரணமாகச் சொல்லத் தேவையில்லாத, "காலாவதியான" தண்டனையும் இந்தத் துறைக்கு 1975ஆம் ஆண்டு விலக்கு ஆணையால் மீண்டும் வெளிப்படும். வயது வந்தபின் கிடைத்த தண்டனை 11 ஆண்டுக்குப் பின் சான்றிதழிலிருந்து விலக்கப்படலாம், அதுவும் சிறைத் தண்டனை இல்லாதபோது, குறிப்பிட்ட குற்றங்களின் பட்டியலில் அது இல்லாதபோது. உங்களுக்குச் சில மாதச் சிறை என்பதால் அது எப்போதும் தெரியும் என்றே திட்டமிடுங்கள். தெரிவது வேறு, குழந்தைகளோடோ பலவீனமானவர்களோடோ வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு. முன்னது விளக்கத்தைக் கேட்கும். பின்னதில் பெயர் இருந்தால் அந்த வகை வேலைக்கு விண்ணப்பிப்பதே குற்றம்.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் வேண்டும், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி. மற்ற ஆலோசகர், உளவியலாளர் வகைகளை 2021ஆம் ஆண்டின் துணை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் தன் கீழ் கொண்டுவந்திருக்கிறது. தனியார் ஆலோசனை மையத்தில் பல சமயம் யாரும் கேட்பதில்லை. அரசு மருத்துவமனை, அரசுத் திட்டப் பணி என்றால் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. அங்கே 2016இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் சொன்னதை நினைவில் வையுங்கள். படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். மறைத்தால் அதுவே பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம், அற்ப வழக்காக இருந்தால் மன்னிக்கலாம். உண்மை சொன்னாலும் பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. உண்மை சொல்வது வேலையை உறுதி செய்யாது, பொய் சொல்வது பத்து வருடம் கழித்தும் வேலையைப் பறிக்கும்.

எந்தக் குற்றம் எவ்வளவு கனம் என்பதில் மக்கள் ஊகம் அடிக்கடி தவறுகிறது. பாலியல் குற்றம், குழந்தை அல்லது முதியோர் மீதான வன்கொடுமை, தன் பராமரிப்பில் இருந்தவரைத் துன்புறுத்தியது ஆகியவற்றில் சிகிச்சைப் பணிக்கான கதவு ஏறக்குறைய மூடியதுதான். இதில் யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது. இளவயதில் ஒருமுறை நடந்த அடிதடி, போதைப்பொருள் வைத்திருந்தது ஆகியவை கேட்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், ஆண்டுகள் கடந்தபின் கடக்கக்கூடியவை. பலர் அலட்சியமாக எடுத்துக்கொள்ளும் மோசடி, கையாடல், போலி ஆவணம் ஆகியவற்றைத்தான் வாரியங்கள் உற்றுப் பார்க்கும். ஆலோசகர் தனியறையில், சாட்சியின்றி, பலவீனமான ஒருவரோடு உட்கார்கிறார். குறிப்பு எழுதுவதும் காப்பீட்டுக்குக் கணக்கு அனுப்புவதும் அவரே. அங்கே முதல் மூலதனம் நேர்மை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு ஒன்று பெரிதல்ல, இரண்டு மூன்று சேர்ந்தால் "இன்னும் குடிக்கிறாரா" என்ற கேள்வியாக மாறும். மருத்துவ மதிப்பீடு கேட்பார்கள்.

அமெரிக்காவில் படிக்கப்போகிறவர்கள் கவனிக்காத ஒன்று, மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளில் மோசடி, நோயாளியைத் துன்புறுத்தியது போன்ற குற்றங்களுக்கு மத்திய சுகாதாரத் துறையின் விலக்கப்பட்டோர் பட்டியலில் குறைந்தது 5 ஆண்டு பெயர் ஏறும். அந்தப் பட்டியலில் உள்ளவரை அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ள முடியாது. மாநில உரிமம் கையில் இருந்தாலும் பயனில்லை. பட்டியல் பொதுவில் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி விளக்கக் கடிதம். நான்கு இடத்திலும் கேட்பது இதைத்தான். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. முதல் பத்தியில் என்ன நடந்தது என்பது, தீர்ப்பில் உள்ள பிரிவு, தேதி, தண்டனையோடு அப்படியே. வாரியத்தின் மேசையில் தீர்ப்பும் உங்கள் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து எழுதுங்கள். "சின்னத் தகராறு" என்று நீங்கள் எழுதி, தீர்ப்பில் எலும்பு முறிவு என்று இருந்தால் மிச்சக் கடிதத்தை யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாவது பத்தியில் உங்கள் பொறுப்பு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், "நான் வெறுமனே அங்கே நின்றேன்" என்று இப்போது எழுதினால் நீதிமன்றத்திடமோ வாரியத்திடமோ பொய் சொன்னவர் ஆகிறார். அடிபட்டவருக்கு என்ன ஆனது என்பதைக் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மூன்றாவதில் அதன்பின் மாறியவை, ஒவ்வொன்றுக்கும் இணைப்பு: கோப மேலாண்மைப் பயிற்சிச் சான்று, தொடர்ந்து செய்த வேலை, படிப்பு, தன்னார்வப் பணி. கடைசியாக, அதே மாதிரி நெருக்கடி இன்று வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வரி.

எழுதக்கூடாதது: துயரக் குழந்தைப்பருவத்தின் நீண்ட கதை. சூழலை இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம், அதுவே காரணமாகிவிடக்கூடாது. "என் வலிதான் என்னைக் குணப்படுத்துபவராக்கியது" என்ற பாணியும் வேண்டாம். நோயாளியிடம் தன் தேவையைத் தீர்த்துக்கொள்ள வருகிறாரோ என்ற சந்தேகத்தை அது கிளப்பும். நீங்கள் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால் முழு சிகிச்சைக் குறிப்பையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். எத்தனை மாதம் வந்தார், முடித்தார் என்று சிகிச்சையாளர் எழுதும் கடிதம் போதும்.

பரிந்துரைக் கடிதம் தருகிறவர் உங்கள் தண்டனையை அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்தே எழுதுகிறேன் என்று கடிதத்தில் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் "நல்ல மனிதர், நேர்மையானவர்" என்ற புகழுரைக்கு மதிப்பில்லை. உறவினர் கடிதம் வேண்டவே வேண்டாம். மேலதிகாரி, ஆசிரியர், தன்னார்வ அமைப்பின் பொறுப்பாளர் என மூன்று பேர் போதும்.

படிவத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஆனால் கேட்டதை முழுதாகப் படியுங்கள். "தண்டிக்கப்பட்டீர்களா", "எப்போதாவது கைதானீர்களா", "நீக்கப்பட்ட பதிவு உட்பட" ஆகிய மூன்றும் வேறுவேறு கேள்விகள். சுகாதார உரிமப் படிவங்களில் மூன்றாவது வகை அடிக்கடி வரும். பதிவு அழிந்துவிட்டது, இனி "இல்லை" என்று எழுதலாம் என்று வழக்கறிஞர் சொன்னது சாதாரண வேலைக்குச் சரியாக இருக்கலாம், இங்கே தவறாகலாம். நான்கு இடத்துக்கும் கொடுத்த பதில்களின் நகலை ஒரே கோப்பில் வையுங்கள். ஆறு வருட இடைவெளியில் எழுதிய இரண்டு படிவங்களில் தேதி மாறினால், மறதிகூட மறைப்பு போலத் தெரியும். தொழில்முறைக் காப்பீட்டு விண்ணப்பமும் இதே கேள்வியைக் கேட்கும். அங்கே தவறான பதில் பாலிசியையே செல்லாததாக்கும், அதுவும் உங்கள்மேல் புகார் வந்த நாளில்தான் தெரியவரும்.

உரிமம் வேண்டாத வேலைகளும் உண்டு: சக ஆதரவாளர் (தானே மனநலச் சிக்கலிலிருந்தோ போதையிலிருந்தோ மீண்டு, மற்றவருக்குத் துணைநிற்பவர்), நோயாளிக்கான சேவைகளை ஒருங்கிணைக்கும் உதவியாளர், ஆராய்ச்சி உதவியாளர், நிறுவன உளவியல். அமெரிக்காவில் சக ஆதரவுப் பணிக்கு மெடிகெய்டு பணம் தருவதற்கான வழிகாட்டுதலை 2007இல் மத்திய அரசு வெளியிட்டபின் அது முறையான வேலையாக வளர்ந்திருக்கிறது. முதுகலைக்கு முன் ஓரிரு ஆண்டு இதில் வேலை பார்ப்பதை நான் பரிந்துரைப்பேன். சம்பளம் குறைவுதான். ஆனால் மேலே சொன்ன பரிந்துரைக் கடிதமும் களப்பயிற்சி இடமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

வேலைக்கு வந்தபின் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். வருகிற நோயாளிகளில் யாராவது உங்கள் பெயரை இணையத்தில் தேடுவார்கள். பழைய செய்தி வரும், "இது நீங்கள்தானா" என்று கேட்பார்கள். அந்த நிமிடத்தில் யோசித்தால் ஒன்று மறுப்பீர்கள், இல்லையென்றால் அரை மணி நேரம் உங்கள் கதையைச் சொல்வீர்கள். இரண்டுமே சிகிச்சையைக் கெடுக்கும். மேற்பார்வையாளரோடு சேர்ந்து இரண்டு வாக்கியப் பதிலை முன்பே தயார் செய்யுங்கள்: ஆம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வரி, அதைத் தெரிந்துகொண்டது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஒரு வரி.

இந்த வாரம் செய்ய வேண்டியது: தீர்ப்பு நகலுக்கு மனு, உங்கள் பதிவுக்கு மனு, நீங்கள் குறிவைக்கும் வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல். மின்னஞ்சலில் பெயரோ வழக்கு எண்ணோ வேண்டாம். குற்றப் பிரிவு, ஆண்டு, தண்டனை, முடிந்த தேதி இவற்றை மட்டும் சொல்லி, முன்கூட்டிய மதிப்பீட்டுக்கு வழி இருக்கிறதா, விண்ணப்பத்தில் என்ன கேள்வி இருக்கும், என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதிலை நம்பிச் சேர வேண்டாம். பதில் சொன்ன ஊழியர் அடுத்த ஆண்டு அங்கே இருக்கமாட்டார். எழுத்தில் வந்த பதிலைத் தேதியோடு அச்செடுத்து, தீர்ப்பு நகல் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.